பிரேக் அக்காவும் பெரியம்மாவும்

பிரேக் அக்கா காலையில் எழுந்ததும் விளக்கைப் போடுவதில்லை. தட்டுத் தடவி அந்தச் சின்ன அறைக்குப் போய், கதவு கிறீச்சிடாதபடி மெல்லத் தூக்கித் திறந்து, டார்ச்சை அலமாரிப் பக்கம் காட்டாமல் எதிர்ச்சுவரில் அடிக்கிறார். சுவரில் பட்டுத் திரும்பும் மங்கல் வெளிச்சத்தில் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகக் குனிந்து பார்க்கிறார். கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா, மூடியின் கொக்கி விழுந்திருக்கிறதா, போட்ட தீனி மிச்சமிருக்கிறதா என்று பார்வை ஓடுகிறது. கடைசிப் பெட்டி முன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்பார். "இருக்கியா? சரி, இரு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போவார். அதற்கப்புறம்தான் வீட்டில் மனுஷர்களும் இருக்கிற ஞாபகம் அவளுக்கு வரும் என்று அவருடைய கணவர் சொல்வதில் பெரிய மிகை இல்லை.

பெட்டிகளில் இருப்பவை டரான்டுலாக்கள். உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த, விரித்தால் உள்ளங்கையை நிறைக்கிற சிலந்திகள். மூன்றுக்கும் உறவுமுறையில்தான் பெயர். மூத்தது பெரியம்மா. சாதுவானது, வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருக்கும். அடுத்தது சம்பந்தி. ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபித்துக்கொண்டு, பின்னங்காலால் வயிற்று மயிரை உதறி விடும். அது காற்றில் வந்து தோலில் பட்டால் பொழுதெல்லாம் அரிக்கும். மூன்றாவது ஆண். அதன் பெயர் மாப்பிள்ளை. ஒரு இடத்தில் உட்காராமல் பெட்டிக்குள் ராத்திரி பகல் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த இனத்தில் பெண் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும், ஆண் சில வருஷத்திலேயே போய்விடும் என்று அவர் ஒருநாள் சொன்னபோது, கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலைதூக்கி, "அதை ஏன் என்னைப் பார்த்துச் சொல்ற?" என்று கேட்டார்.

அக்காவுக்குத் தொழில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. பயிற்சிப் பள்ளியின் காரில் அவர் பக்கம் இன்னொரு பிரேக் உண்டு. பழகுகிறவர்களின் கண் சாலையில் பாதி, அவருடைய காலில் பாதி. அதனால் வந்த பெயர்தான் பிரேக் அக்கா. ஆனால் அவர் அதை மிதிப்பது அபூர்வம். நடுங்கிக்கொண்டு வருகிறவர்களைத்தான் பள்ளிக்காரர் பார்த்துப் பார்த்து அவரிடம் தள்ளிவிடுவார். அவர்களிடம் பயப்படாதீர்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பயம் இருக்கட்டும் சார். அது பாட்டுக்குப் பின் சீட்டுல உட்கார்ந்து வரட்டும். ஸ்டியரிங்கை மட்டும் அது கையில குடுத்துடாதீங்க" என்பார்.

பெரியம்மா வந்ததும் அந்தக் காரில்தான். பழகி முடித்த ஒரு மாணவன் வெளியூர் போகும்போது, நகத்தளவு குஞ்சு ஒன்றை டப்பாவில் போட்டுக்கொடுத்து, திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னான். போனவன் போனவன்தான். அக்காவுக்கு அப்போது சிலந்தி என்றாலே உடம்பு கூசும். கண்ணை மூடிக்கொண்டுதான் தீனி போடுவார். ஒரு காலையில் அது டப்பாவுக்குள் குழி தோண்டுவதைப் பார்த்தார். ஈர மண்ணை உருட்டி, வாயில் கவ்விக் கொண்டுவந்து, வெளியே வைத்துவிட்டு மறுபடி உள்ளே போனது. அப்படியே உருண்டை உருண்டையாக, ஆத்திரமில்லாமல், அசராமல். யாரும் அதை வேலை வாங்கவில்லை. அன்றைக்கு அக்கா வேலைக்குத் தாமதமாகப் போனார். டப்பா பெட்டியானது. பெட்டிக்குத் துணைப் பெட்டிகள் வந்தன.

வருகிறவர்களெல்லாம் முதலில் கேட்பது கடிக்குமா என்றுதான். "வாயில கையை விட்டா நீங்களும்தான் கடிப்பீங்க" என்பது அவர் பதில். அடுத்து, கையில் எடுத்துக் காட்டச் சொல்வார்கள். அதற்கு மட்டும் மசியமாட்டார். இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடித்துவிடும், நம் ஆசைக்கு அதன் உயிரைப் பணயம் வைப்பதா என்பார். வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து பெரியம்மாவை அவர் ஒரு தடவைகூடத் தடவிக் கொடுத்ததில்லை. பால்கனியில் ஒரு கூடையில் தீனிக்கான சுவர்க்கோழிப் பூச்சிகள் கத்திக்கொண்டிருக்கும். அவற்றுக்குக் காரட் தோல் போடுவது கணவரின் பொறுப்பு. தையல் மெஷின் பழுது பார்க்கிறவர் அவர். பழுதாகி வராத எதையும் தொட அவருக்குத் தயக்கம். இருந்தாலும் காரட் தோல் தவறியதில்லை.

போன வருஷம் நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவரின் தங்கை. கல்யாணம் முறிந்து, இரண்டு பெட்டிகளோடு ஒரு மத்தியானம் வாசலில் நின்றாள். வீட்டில் கூடுதலாக இருந்தது அந்தச் சின்ன அறை ஒன்றுதான். கதவருகே வந்தவள் அலமாரியைப் பார்த்ததும் அப்படியே பின்வாங்கி, சோபாவிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னாள். பல்லி சுவரில் ஊர்ந்தாலே கட்டிலை விட்டு இறங்காத பெண்.

கணவர் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். தங்கச்சி ஒரு நிலைக்கு வரும்வரை இவற்றை வேறு யாரிடமாவது கொடுத்து வைத்தால் என்ன என்றார். ஆனால் பெரியம்மா சாப்பாட்டை நிறுத்தி வாரக்கணக்காகியிருந்தது. முதுகு வழுக்கையாகிக் கறுத்துக்கொண்டு வந்தது. சட்டை உரிக்கப் போகிற அடையாளம் அது. அந்தச் சமயத்தில் பெட்டியை அலைக்கழிக்கக் கூடாது. அக்கா வாதாடவில்லை. நாத்தனாருக்குத் தன் கட்டிலைக் கொடுத்தார், கணவருக்கு சோபாவைக் கொடுத்தார், தான் ஒரு பாயை எடுத்துக்கொண்டு சிலந்தி அறையில் தரையில் படுத்துக்கொண்டார்.

அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? நாத்தனாரை விரட்டத்தான் பூச்சி வளர்க்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. அது அக்காவின் காதுக்கு வந்த அன்றைக்கு, நேரே போய் நாத்தனாரிடமே சொன்னார். "இப்படி ஒரு பேச்சு ஓடுது. உனக்கும் அப்படித் தோணுச்சுன்னா என்கிட்ட சொல்லிடு. மனசுல வச்சுக்காத" என்றார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அந்த நாட்களில் அவள் பேசுவதே குறைவு. மருந்துக் கடை வேலைக்கு நீண்ட லீவு போட்டிருந்தாள். தலை வாருவதில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள்.

அக்கா எதையும் துருவிக் கேட்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. வேலை விட்டு வந்ததும் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஊர் உறவுக்காரர்களின் செய்தியைச் சொல்வதுபோல் கட்டிலோரம் நின்று சொல்வார். சம்பந்தி தண்ணீர்க் கிண்ணத்தில் மண்ணள்ளிப் போட்டுவிட்டாள், மாப்பிள்ளை கண்ணாடியில் ஏறி வழுக்கி விழுந்துவிட்டு யாரும் பார்க்காத மாதிரி போகிறார் என்பார். ஒரு சாயங்காலம் நாத்தனார் சிரித்துவிட்டாள். மறுநாள் அவளே, "இன்னைக்கு உங்க சம்பந்தி என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள். ஆனாலும் அந்த அறை வாசலை அவள் தாண்டவில்லை.

தாண்டிய நாளும் வந்தது. இஸ்திரிப் பெட்டி அந்த அறையில் இருந்தது, அதை எடுக்கத்தான் போனாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அக்கா அப்போது ஊரின் மறுகோடியில், ஐம்பது தாண்டிய ஒரு தையல்காரருக்குப் பின்பக்கமாக வண்டியை ஒதுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பாடம் நடக்கும்போது போனை எடுக்கிற வழக்கம் இல்லை. விடாமல் அடித்ததால், வண்டியை ஓரங்கட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு எடுத்தார்.

"அண்ணி, உங்க பெரியம்மா செத்துப் போச்சு. மல்லாந்து கிடக்கு. நீங்க வந்து பார்த்து வேதனைப்பட வேணாம், நானே கொண்டுபோய்ப் பொதைச்சிடலாம்னு பெட்டியைத் தூக்கிட்டேன்."

"பெட்டி இப்ப எங்கம்மா இருக்கு?"

"கையிலதான்."

"குலுக்காம, அப்படியே மெதுவா தரையில வை. அது சாகல. மல்லாந்துதான் சட்டை உரிக்கும்."

பெட்டியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு நாத்தனாரின் குரல் மாறி வந்தது. கால் லேசாகத் துடிக்கிறது என்றாள். அப்புறம், "அண்ணி, உள்ள ஒரு சுவர்க்கோழி இருக்கு. அது மேல ஏறி ஏறி இறங்குது" என்றாள்.

பிரேக் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பட்டினி கிடக்கிறதே என்று மனசு கேட்காமல், அன்று காலை தன் கணவர்தான் அதைப் போட்டிருக்கிறார் என்பது அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். உரிந்து வரும் புதுத் தோல் வெண்ணெய் மாதிரி இருக்கும். கடிக்கப் பல்லுக்கும் வலு இருக்காது. இரையாகப் போட்ட பூச்சியே அதைக் கொறித்துத் தின்றுவிடும். தான் வீடு போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

விஷயத்தை ஒளிக்காமல் நாத்தனாரிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "உன்னால முடியாதுன்னா விட்டுடு கண்ணு. கதவைச் சாத்திட்டு வந்து உட்காரு. உன் மேல ஒரு குத்தமும் இல்ல. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றார்.

தையல்காரர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஓடாத வண்டியில் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யணும் அண்ணி?"

அலமாரி மேல் நீள இடுக்கி இருக்கிறது என்றார் அக்கா. மூடியை முழுக்கத் திறக்காமல் பக்கவாட்டில் தள்ளச் சொன்னார். பெரியம்மா பக்கம் இடுக்கி போகவே கூடாது, பூச்சி தானாக ஓரத்துக்கு வரும்வரை காத்திரு என்றார். காருக்குள் பழகுகிறவர்களிடம் பேசும் அதே குரல், ஒரு இழைகூட ஏறவில்லை. முதல் தடவை பூச்சி தப்பித்தது. அடுத்த தடவை, உள்ளே கிடந்த மரப்பட்டைக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. இடுக்கி எட்டவில்லை. கையைத்தான் விட வேண்டும் என்று நாத்தனாரே சொன்னாள். அக்கா விடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிறகு, "எடுத்துட்டேன்" என்று வந்தது. அதோடு அழுகையும் வந்தது. அண்ணன் வீட்டு வாசலில் பெட்டிகளோடு வந்து நின்றபோதுகூட அழாதவள் அவள். அக்கா அழ விட்டார். ஓய்ந்த பிறகு, மூடியைப் போட்டுவிட்டு, விருப்பம் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பார், தட்டாதே, ஊதாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"உங்க பெரியம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு மேடம்?" என்று தையல்காரர் கேட்டார்.

"சட்டை மாத்திட்டு இருக்காங்க சார்."

அதைக் கேட்ட தையல்காரர் மேற்கொண்டு எதையும் விசாரிக்காமல் வண்டியைக் கிளப்பினார். அதுவரை சந்துகளைத் தாண்டாதவர், உங்களை வீட்டில் விட்டுவிடுகிறேன் என்று தானாகவே பெரிய சாலைக்குத் திருப்பினார். வழியெல்லாம் அக்கா அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிரேக்கின் மேல் இருந்த அக்காவின் கால் மட்டும் வீடு வரும்வரை நகரவே இல்லை என்று தையல்காரர் பிற்பாடு பள்ளியில் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் கணவர் முன்பே வந்து, கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். சுவர்க்கோழியைத் தான்தான் போட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். பசிக்குமே என்றுதானே போட்டீர்கள், இனிமேல் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அக்கா செருப்பைக் கழற்றி உள்ளே போனார்.

நாத்தனார் தரையில் பெட்டிக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் இரண்டு சிலந்திகள் கிடப்பதுபோல் இருந்தது. ஒன்று வெறும் கூடு. பக்கத்தில் பெரியம்மா, இதுவரை யாரும் பார்க்காத ஒரு மினுமினுப்போடு, கால்களைப் பரப்பிக் களைத்துக் கிடந்தது. ஒரு பின்னங்கால் கோணலாக வந்திருந்தது. அடுத்த தடவை உரிக்கும்போது சரியாகிவிடும் என்றார் அக்கா. ஒவ்வொரு காலும் எப்படி வெளியே வந்தது, எது சிக்கியது, எப்போது மூச்சு விட்டேன் என்று நாத்தனார் சொல்லிக்கொண்டே போனாள். அவள் அந்த வீட்டில் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பேச்சின் நடுவே வலது கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். மணிக்கட்டிலிருந்து விரல் வரை சிவந்து தடித்திருந்தது. மண்ணில் உதிர்ந்து கிடந்த மயிர் பட்ட தடிப்பு.

அக்கா மேஜை இழுப்பறையிலிருந்து ஒட்டுகிற டேப்பைக் கொண்டுவந்து அவளருகில் உட்கார்ந்தார். சொறியாதே என்று அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு துண்டு டேப்பைக் கிழித்து, புறங்கையில் ஒட்டி, மெல்ல உரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பழுப்பு மயிர்கள் அதில் ஒட்டியிருந்தன. இன்னொரு துண்டு கிழித்தார்.

"அண்ணி, நான்தான் அந்தப் பூச்சிய எடுத்தேன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றார் பிரேக் அக்கா.

நாத்தனார் பெட்டியைப் பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டாள். அக்கா குனிந்து, ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட இடத்தில் இன்னொரு துண்டு டேப்பை வைத்து, நோகாமல் அழுத்தினார்.