பொருந்தாத பெயருக்கு ஒரு பக்கம்

என்னோடு வேலை செய்த ஹாரிஸ் நானாவின் மனைவி ஏறாவூரிலிருந்து அழைத்தபோது நான் அலுவலகத்தில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தேன். "தங்கச்சி, அவர் மௌத்தாகிட்டார். விடிய சுபஹு தொழுதிட்டு வந்து இருந்தவர்தான்" என்றார். பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அதற்கும் அவரோடு சண்டை பிடிக்க வேண்டும்போல் இருந்தது. இத்தனை வருடமும் நாங்கள் இருவரும் செய்தது அதுதானே.

எங்களோடு வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் மட்டக்களப்பில் வந்து குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் இணையத்தளம் வேண்டும். அத்தனையையும் தாங்க எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு சேவர் கணினி. எந்தப் பெயரைக் கேட்டால் எந்தத் தளத்தைக் காட்டுவது என்று அதற்குச் சொல்லும் வரிகளை நான் கையால் எழுதிவந்தேன். ஒரு நாள் ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டேன். எல்லாத் தளங்களும் ஒன்றாகப் படுத்துவிட்டன. பக்கத்து மேசை நானா எட்டிப் பார்த்து, "கையால எழுதிக் கையாலயே கெடுக்கிறீங்களேகா" என்று சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

ஒரு கிழமையில் அவர் ஒரு நிரல் எழுதிவிட்டார். புதிய தளத்துக்கு ஒரு கோப்புறையைத் திறந்தால் போதும். பெயரைப் படித்து, வரிகளை எழுதி, எழுத்து வரிசையில் அடுக்கி, சேவரில் ஏற்றிவிடும். ஒரு மாதம் நான் அதைத் தொடவில்லை. வீம்புதான். "மெஷினுக்கு அலுக்காது புள்ள. உங்களுக்கு அலுக்கும்" என்பார். எனக்கு அலுத்தது உண்மை.

போர் முடிந்த பிறகு, முகாம் ஒன்றில் இருந்த சில நூறு பேரின் பெயர்ப்பட்டியல் ஒன்றும் எங்கள் சேவரில் ஏறியது. அந்த நாட்களில் ஓர் அம்மா எங்களைத் தேடிவந்தார். கையில் அச்செடுத்த தாள். அதில் பாசிக்குடாவில் புதிதாக வந்த ஒரு ஹோட்டலின் படம்.

"கொம்யூனிகேஷன் கடையில, முகாம் நோட்டீஸில இருந்த விலாசத்தக் குடுத்து மகன்ட பேரத் தேடச் சொன்னன். இதுதான் வந்த. அவன் இங்க வேல செய்யிறான் போல. மூணு தரம் போயிட்டன், கேட்டில நிக்கிறவங்க உள்ள விடுறாங்க இல்ல. நீங்க ஒரு கடிதம் தாங்க."

தாளின் அடியில் இருந்த விலாசத்தைப் பார்த்தேன். நோட்டீஸில் அச்சாகியிருந்தது பட்டியல் தளத்தின் சுருக்கப் பெயர். நானாவின் நிரல் நீண்ட பெயரை மட்டும்தான் பதிந்திருந்தது. பெயர் பொருந்தாவிட்டால் சேவர் வரிசையில் முதலாவதாக நிற்கும் தளத்தைக் காட்டிவிடும். எங்கள் சேவரிலேயே இருந்த அந்த ஹோட்டலின் தளம்தான் எழுத்து வரிசையில் முதலாவது.

"சேவர் பிழை எண்டு சொல்லி அனுப்புவம்" என்று நான் முணுமுணுத்தேன். நானா கேட்கவில்லை. கதிரையை அந்த அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, இது நான் செஞ்ச பிழை. ஒரு பேரைச் சேர்க்க மறந்திட்டன். அந்தப் படத்துக்கும் உங்கட மகனுக்கும் ஒரு தொடர்பும் இல்ல."

"அப்ப அவன் எங்க?"

நானா கணினியின் பக்கம் திரும்பினார். பட்டியலைத் திறந்து முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை சத்தமாக வாசித்துக் காட்டினார். மகன் அதில் இல்லை. அம்மாவை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, யாருடனும் பேசாமல் வேலையில் இறங்கினார். விடுபட்ட பெயரைச் சேர்த்தார். பிறகு வரிசையின் முதலிடத்தில் ஒரு புதிய பக்கத்தை வைத்தார். நிரல் அதைத் தொடாதபடி கையாலேயே எழுதினார்: "நீங்கள் தேடியது இங்கே இல்லை. பிழை எங்களுடையதாக இருக்கலாம். பேசுங்கள்." அடியில் தன் சொந்தத் தொலைபேசி எண்.

அந்த அம்மா மாதம் தவறாமல் அழைப்பார். நானா ஒவ்வொரு முறையும் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பொய்யாக ஓர் ஆறுதல் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நான் ஒரு நாளும் அவரிடம் சொல்லவில்லை.

நானா எனக்கு விட்டுப்போனது அந்தப் பக்கம்தான். போன கிழமை அதிலிருந்த அவருடைய எண்ணை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். அழுதுகொண்டேதான் போட்டேன்.

முந்தாநாள் அந்த அம்மா அழைத்தார். நானாவின் மனைவிதான் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். நானாவை நினைத்து இருவரும் அழுதோம். பிறகு அவர் தயங்கித் தயங்கி, "இனி உங்களிட்டக் கேக்கட்டா மகள்?" என்றார்.

அந்தப் பட்டியலில் புதிய பெயர் சேர்ந்து கனகாலம். இருந்தும் திறந்தேன். முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை பார்த்தேன்.

"இல்லம்மா" என்றேன். "அடுத்த மாசமும் கோல் எடுங்க."