டிடிஎச் பங்கு வாங்கிய ஸ்டீபன் அண்ணன்

இன்று முதல் ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது, என் லைனில் வேலை பார்க்கும் ஸ்டீபன் அண்ணன் பக்கத்து சீட்டில் இருந்தார். போனஸ் பணம் முழுவதையும் ஒரு டிடிஎச் கம்பெனி பங்கில் போட்டிருக்கிறாராம்.

"கிரிக்கெட்டெல்லாம் இப்ப ஆப்ல வருதே, எந்த தைரியத்துல வாங்குனீங்கண்ணா?" என்று கேட்டேன். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

"அதனாலதாம்மா சீப்பா கெடச்சுது. போன்ல ஒத்த ஆளுதான் பாக்க முடியும். குடும்பமா குந்திகினு பாக்க டிவிதான வேணும்?"

நியாயமாகத்தான் பட்டது.

அவரே எழுந்து நின்று பஸ்ஸைப் பார்த்துக் கேட்டார். "யார் யார் வூட்ல டிஷ் கீது? கை தூக்குங்கப்பா!"

முக்கால்வாசிப் பேர் தூக்கினார்கள். அண்ணன் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இந்த மாசம் ரீசார்ஜ் பண்ணவங்க மட்டும் தூக்குங்க" என்றேன்.

எல்லாக் கையும் இறங்கிவிட்டது. டிரைவர் மட்டும் கண்ணாடியில் பார்த்து, "நான் பண்ணேம்மா. மாமியாருக்கு சீரியல் வேணும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் மனைவியிடமிருந்து போன். ஸ்பீக்கரில் பஸ்ஸுக்கே கேட்டது. "ஏங்க, மேட்ச் ஆரம்பிச்சிடுச்சு, எல்லாரும் டிவி முன்னாடி குந்திகினு கீறோம். ஆப்பு ஓடிபி கேக்குது, சீக்கிரம் சொல்லுங்க!"

மெல்லிய குரலில் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.

மண்ணூரில் இறங்கும்போது டிரைவர் பக்கம் குனிந்து கேட்டார்.

"உங்க மாமியாருக்கு இன்னா வயசுண்ணே?"

உங்கள் வீட்டில் யாருக்காக ரீசார்ஜ் செய்கிறீர்கள்? வயதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அண்ணனிடம் காட்ட வேண்டும்.