சரஸ்வதி பூசையன்று ஒரு திறந்த புத்தகப் பரீட்சை

எங்கள் பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கண்டி டவுனில் ஒரு துணிக்கடை இருந்தது. என் பள்ளிக்கூடச் செலவு முழுவதும் அவருடையது. அதனால் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை முடிந்ததும் நான் அந்தக் கடையின் காசு மேசையில் உட்கார வேண்டும் என்பது எப்போதோ பேசி முடித்த விசயம். கல்யாணம் என்றாலாவது பெண்ணிடம் கேட்பதுபோல் ஒரு பாவனை செய்வார்கள். இதற்கு அதுவும் இல்லை. எனக்காக ஒரு சுழல் கதிரையை வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கடையில் வைத்திருந்தார். நான் அதன் பக்கமே போகமாட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடம் கண்டியில் இருந்த ஓர் ஆங்கில மீடியம் தனியார் பள்ளிக்கூடம். மைதானம் கிடையாது, ஆனால் பெரிய பெரிய யோசனைகளுக்குக் குறைவில்லை. அதில் ஒன்றுதான் இந்தக் கிரெடிட் திட்டம். ஏ.எல். படிக்கும்போதே பட்டப் படிப்பின் முதல் வருடப் பாடம் ஒன்றைச் சனிக்கிழமைகளில் படிக்கலாம். பாஸ் பண்ணிவிட்டால் அது நம் கணக்கில் நிற்கும், பிறகு பட்டப் படிப்பில் சேரும்போது அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டாம். முதலாவதாக வருகிறவருக்கு அந்தப் பட்டப் படிப்பை நடத்தும் தனியார் கல்லூரி தன் செலவிலேயே இடமும் தரும். மற்றவர்கள் பாஸ் பண்ணினால் போதும் என்றிருந்தார்கள். எனக்கு முதலிடம்தான் வேண்டும். இல்லாவிட்டால் சுழல் கதிரை.

பாடம் முகாமைத்துவம், அதாவது மேனேஜ்மென்ட். படிப்பித்தவர் அந்தக் கல்லூரியிலிருந்து வந்த ஒரு சிங்கள மிஸ், நல்ல மனுஷி. ஒரு நாள் அவர், பரீட்சைக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து பார்த்தே எழுதலாம் என்றார். வகுப்பு ஆடிப்போனது. நாங்கள் ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப்பிலிருந்து பாஸ்ட் பேப்பர் என்று பழைய கேள்வித்தாள்களை மென்று விழுங்கி வளர்ந்த கூட்டம். கலகெதரையிலிருந்து வரும் என் முஸ்லிம் சிநேகிதி, "இதுல ஏதோ இரிக்கி புள்ள. சும்மா ஒருத்தரும் பாத்து எழுத உடமாட்டாங்க" என்றாள். ஆனாலும் சந்தோசமாக இருந்தோம். நான் ஒரு வரி மனப்பாடம் செய்யவில்லை. புத்தகத்தில் கலர் கலராகக் கடதாசி ஒட்டி, எது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து வைத்தேன்.

பரீட்சையன்று காலை குளித்துவிட்டு வந்தால் மேசை மொட்டையாக இருந்தது. சாமித் தட்டுக்கு முன்னால் என் புத்தகங்கள் அத்தனையும் அடுக்கப்பட்டிருந்தன. முகாமைத்துவம்தான் தடியான புத்தகம் என்பதால் அதற்குத் தனி மரியாதை. உச்சியில் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அதன்மேல் ஒரு செவ்வந்திப் பூவும் வைத்திருந்தார் அம்மா. அன்றைக்குச் சரஸ்வதி பூசை. மிஸ்ஸுக்கு அது தெரிய நியாயமில்லை. பூசை வாரம் முழுக்க அவல் கடலை தின்றுகொண்டிருந்த எனக்கு ஏன் உறைக்கவில்லை என்பதுதான் அதிசயம்.

"அம்மா, இன்னைக்குப் பரீட்சை. அந்தப் புத்தகம் வேணும்."

"பூசையில வெச்சதத் தொடப்படாது. நாளைக்கு விஜயதசமி, எடுத்துப் படி."

"நாளைக்கு எடுத்து என்ன செய்றது? பரீட்சை இன்னைக்கு."

"பரீட்சைக்கு எதுக்குப் புத்தகம்? பாத்து எழுதவா போற?"

ஆமாம் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், பெற்ற வயிறு பற்றி எரிவது தெரிந்தது. பார்த்து எழுதச் சொல்லும் பள்ளிக்கூடம் உலகத்தில் உண்டு என்று அவரை நம்பவைக்க எந்த வக்கீலாலும் முடிந்திருக்காது. அப்பா வழக்கம்போல, வேலை பார்க்கும் பாமசிக்கு, அந்த மருந்துக் கடைக்கு, நேரமாகிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். படத்தில் சரஸ்வதி கையில் சுவடியோடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அன்று அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வெறுங்கையோடு எங்கள் ஊர் அம்பிட்டியவிலிருந்து பஸ் ஏறினேன்.

"புத்தகம் எங்க புள்ள?" என்றாள் சிநேகிதி.

"சாமிகிட்ட."

"அப்ப அவவத்தான் கூட்டிட்டு வந்திரிக்கணும்."

கேள்வித்தாளில் பெரிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். உங்களுக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தின் நிர்வாகத்தில் உள்ள குறைகளை ஆராய்க. மண்டபம் முழுக்கப் பக்கம் புரட்டும் சத்தம். புத்தகத்தில் ஜப்பான்காரனின் கார் கம்பெனி ஒன்று இருந்தது. எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். எனக்கு ஜப்பானும் இல்லை, காரும் இல்லை. தெரிந்த நிறுவனம் உலகத்திலேயே ஒன்றுதான்.

எழுதினேன். பெயர் போடாமல், கண்டியில் ஒரு துணிக்கடை என்று ஆரம்பித்தேன். முதலாளி தவிர வேறு யாரும் துணி வெட்டக் கூடாது என்பதால் சனங்கள் வரிசையில் நிற்பதை எழுதினேன். பழைய சரக்கு விற்று முடியும்வரை புதுச் சரக்கை உள்ளே பூட்டி வைப்பதை எழுதினேன். வேலை செய்கிற பிள்ளைகள் பாத்ரூம் போக முதலாளியிடம் கைநீட்டிச் சாவி வாங்க வேண்டும், அதனால் அவர்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதில்லை என்பதையும் எழுதினேன். கை ஓயவே இல்லை. அவ்வளவு குஷியாக நான் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை.

முதலிடம் எனக்குத்தான். பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாவால் வர முடியவில்லை, பெரியப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, தங்கப் பேனா, முகம் கொள்ளாத பெருமை. மிஸ் என் விடையை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். வாசித்தது ஆங்கிலம், பெரியப்பாவுக்கு அது விளங்காது என்பதால் நான் தைரியமாக இருந்தேன். ஆனால் நல்ல மனுஷி என்று சொன்னேனே, பெற்றோருக்கும் விளங்கட்டும் என்று ஒவ்வொரு வரியையும் சிங்களத்தில் விளக்கினார். பெரியப்பாவுக்குத் தமிழைவிடச் சிங்களம் வேகமாக வரும். துணி வெட்டும் இடத்தில் மற்றவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். சாவி வந்ததும் சிரிப்பு நின்றது. அந்தப் பிள்ளையின் கல்லூரிச் செலவை நாங்களே ஏற்கிறோம் என்று மிஸ் முடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார்.

பஸ் நிற்கும் இடம்வரை பெரியப்பா எனக்கு முன்னால் நடந்தார். பஸ் வந்ததும் சொன்னார்.

"கடைக்கு நீ வர வேணாம். நல்லாப் படி." ஏறப் போனவர் திரும்பினார். "தண்ணி குடிக்கிறதில்லன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ஊரானுக்கு எழுதிக் குடுத்திருக்க."

கடைக்கு வர வேண்டாம் என்பதைத்தான் நான் அவர் வாயால் கேட்க ஆசைப்பட்டிருந்தேன். அவருக்குப் பின்னால் நானும் பஸ்ஸில் ஏறினேன். எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். பிறகு முன்னால் போய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.