தீயில் சாகாத கூட்டம்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டு ஹாலில் நான்கு மலைக்கூட்டங்கள் பூண்டோடு அழிந்தன.

பயப்பட வேண்டாம். விளையாட்டுதான்.

என் மகன் அரவிந்தும் அவனுடைய ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேரும் வாராவாரம் எங்கள் தார்நாகா வீட்டில் கூடுவார்கள். டைனிங் டேபிளில் ஒரு வரைபடம், ஒரு பிடி பகடைகள் — ஒன்றுக்கு இருபது முகம், எண்ணிப் பார்த்துவிட்டேன்; எதையும் எண்ணுவதும், ஒன்று குறைந்தால் பதறுவதும் என் வழக்கம். ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பேச வேண்டும். கதையை நடத்துவது அரவிந்த். பாத்திரத்தின் முன்கதையை முதலில் எல்லோர் எதிரிலும் சொல்ல வேண்டும். நம்பும்படி இருந்தால்தான் ஆட்டத்தில் இடம் என்பது அவன் வைத்த சட்டம்.

இந்தத் தடவை எல்லோருக்கும் ஒரே நிபந்தனை. பாத்திரம் தன் மலைக்கூட்டத்தை விட்டு வெளியேறியவராக இருக்க வேண்டும்.

கோயம்புத்தூர்க்காரன் கார்த்தி தன் கூட்டத்தை வெள்ளத்தில் அனுப்பினான். அடுத்தவன் கொள்ளைநோய். மூன்றாமவன் எதிரிப்படை. ஷீபா தீ வைத்துவிட்டாள். நான்குக்கு நான்கு!

“என்னடா, எல்லாருமே கொலைகாரங்களா இருக்கீங்க?” என்றான் அரவிந்த்.

“சேஃப்டிங்க பாஸ். செத்துட்டா யாரும் தேடி வரமாட்டாங்கல்ல?” என்றான் கார்த்தி.

“அதான் நம்ப முடியல. கூட்டம் உயிரோட இருக்கணும். திரும்பிப் போக வழி இருந்தும் போகாம இருக்கணும். ஷீபா, முதல்ல நீ. தீயை அணை.”

பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்த நான் தலையை நிமிர்த்தினேன். இவளிடமா கேட்பது?

ஷீபா பக்கத்து ஏரியாவான மெட்டுகுடாவில் வளர்ந்த பெண். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச்சில் பேசி முடித்த மாப்பிள்ளையை இவள் வேண்டாமென்றாள். அப்படியானால் என் வீட்டில் இருக்காதே என்றார் அப்பா. மறுநாளே ஹாஸ்டல். அடுத்த ஞாயிறு அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம். அம்மா போனில் அழைத்தாயிற்று. அப்பா அழைக்கவில்லை. போவதா, வேண்டாமா என்று தவிக்கிறாள்... இவ்வளவையும் என்னிடம் சொன்னவனே அரவிந்த்தான்.

“ஹவ், ஆமா, தீயெல்லாம் பொய்தான்” என்றாள் ஷீபா. “எல்லாரும் நல்லாதான் இருக்காங்க.”

“அப்புறம் ஏன் வந்த?”

“போன்னாங்க. வந்துட்டேன்.”

“அவ்ளோதானா? ஒரு சாபம், ஒரு கத்திச்சண்டை?”

“நக்கோ, அதெல்லாம் இல்ல. போன்னு சொன்னவரு நான் நிஜமாவே போவேன்னு நினைக்கல. அவரே கூப்பிடுவாருன்னு நான் நினைச்சேன்.”

அரவிந்த் குரலைத் தணித்தான். “சரி. காட்டுல உன் கூட்டத்துத் தலைவர் எதிர்ல வர்றார். வில்லை எடுப்பியா, ஒளிஞ்சுப்பியா?”

உள்ளங்கையில் பகடையை உருட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேப்பேன்.”

அரவிந்த் அவளுக்கு ஆட்டத்தில் இடம் கொடுத்தான்.

அவர்கள் போன பிறகும் எனக்கு அதே நினைப்புதான். இந்த ஊருக்குக் கிளம்பி வந்தவர்களில் எத்தனை பேருக்குப் பின்னால் ஊர் எரிந்தது? எனக்குத் தெரிந்து ஒருவருக்கும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஒரு தட்டு குறைந்தது, அவ்வளவுதான். செத்தவர்களை ஒரு தடவை விட்டு வந்தால் போதும். உயிரோடு இருப்பவர்களைத் தினமும் விட்டு வர வேண்டியிருக்கிறது.

ஷீபாவின் ஹாஸ்டலிலிருந்து எங்கள் வீட்டுக்கு நேர்வழி அவள் அப்பா வீடிருக்கும் மெட்டுகுடா வழியாகத்தான். அவள் ஸ்கூட்டி மட்டும் வாராவாரம் யூனிவர்சிட்டியைச் சுற்றிக்கொண்டு வரும். பெட்ரோலை ஏன் வீணாக்குகிறாள் என்று நான்கூட முணுமுணுத்திருக்கிறேன்.

போன ஞாயிறு வழக்கம்போல் ஐந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டேன். அரவிந்தைத் தவிர மூன்று பேர்தான் உட்கார வந்தார்கள். அரவிந்த் தன் செல்போனை என்னிடம் நீட்டினான். ஷீபாவின் எஸ்.எம்.எஸ்.

‘மெட்டுகுடால இருக்கேன். அப்பாதான் கதவைத் திறந்தாங்க. வலி குறையலையாம்.’

எண்ணிக்கையில் ஒன்று குறைந்து, நான் பதறாமல் இருந்தது அன்றைக்குத்தான்.