இரண்டாம் முறை அழுத்தியபோது

அப்பாவின் குரல்வளையை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலை, உட்லண்ட்ஸில் உள்ள எங்கள் வீட்டில் அவர் வாசிப்பைப் பதிவு செய்தோம். எங்கள் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளை மூவர் பிரித்து வாசிப்பார்கள். நிகழ்ச்சிகளைச் சொல்லும் குரல் பல ஆண்டுகளாக அப்பாவுடையது.

பதிவுக்கான கணினி நிரலை அண்ணன் எழுதியிருந்தான். ஒரு பகுதி முடிந்ததும் கண்ட்ரோல்-சி அழுத்த வேண்டும். அந்த விசைகள் அனுப்பும் சமிக்ஞை வழக்கமாக நிரலை நிறுத்திவிடும். அண்ணனோ, அது வந்தால் அதுவரை நினைவகத்தில் சேர்ந்த ஒலியைக் கோப்பில் எழுதிவிட்டு அடுத்த பகுதியைத் தொடங்கும்படி செய்திருந்தான். எழுதியது மேக் கணினியில். ஒலித்தரம் கருதிப் பதிவை மட்டும் பழைய சோலாரிஸ் கணினியில் வைத்தான்.

கெத்சமனித் தோட்டப் பகுதி முடிந்தது. அண்ணன் அழுத்தினான், கோப்பு வந்தது. பேதுருவின் மறுதலிப்பிலிருந்து கல்லறை வரை அப்பா நிறுத்தாமல் வாசித்தார். அண்ணன் மறுபடி அழுத்தினான். நிரல் செத்துவிட்டது. கோப்பு இல்லை.

"என்னடா, உன் மெஷினுக்கும் தொண்டை கட்டிக்கிச்சா?"

"மேக்ல திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தேன்ப்பா. இதுல ஒரு தடவைதான்..."

"விடு லா. ஆபரேஷன் எனக்குத்தான், அதுக்கில்ல."

மீண்டும் தொடங்கினார். இரண்டாம் வரியில் இருமல் வந்தது. அம்மா வெந்நீரை நீட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

அண்ணன் பின்னர் எனக்கு விளக்கினான். மேக், யூனிக்ஸ் இயங்குதளத்தின் பிஎஸ்டி என்ற கிளை வழி வந்தது. சமிக்ஞைக்கு என்ன செய்ய வேண்டுமென ஒருமுறை சொன்னால் போதும், நினைவில் வைத்துக்கொள்ளும். சோலாரிஸ், சிஸ்டம் ஃபைவ் என்ற இன்னொரு கிளை வழி வந்தது. அதே கட்டளையை ஒரு முறை நிறைவேற்றியதும் மறந்து, பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும். அடுத்த சமிக்ஞை நிரலைக் கொன்றுவிடும். சோலாரிஸில் ஒரே ஒரு முறை அழுத்திச் சோதித்தவனுக்கு இது தெரிய வழியில்லை.

அந்த ஆண்டு பெரிய வெள்ளியன்று வேறொருவர் வாசித்தார். அப்பா கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எல்லா யூனிக்ஸ்களிலும் ஒரேபோல் நடந்துகொள்ளும் சிக்ஆக்‌ஷன் என்ற கட்டளைக்கு அண்ணன் நிரலை மாற்றினான். அதே கணினியில் சோதிக்க, நான் வாசித்தேன். விசையை அழுத்தும் பொறுப்பை அப்பா சைகையால் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு கோப்பு வந்தது. நான் முடித்த பிறகும் அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். யாரும் பேசாத அந்த அறையில் கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேமிக்கப்பட்டுக்கொண்டிருந்தன.