பதினேழாம் எண் குழாய்

என் ஆய்வகத்து ஃப்ரீசரின் அடித்தட்டில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. மூடியில் பதினேழு என்று எழுதியிருக்கும். குழாயின் உடம்பிலும் பதினேழு என்று எழுதி, அழியாமலிருக்க மேலே செலோடேப் ஒட்டியிருக்கும். இந்த வாரம் ஃப்ரீசரைச் சுத்தம் செய்த மாணவர்கள், பழைய குழாய்களை எறிந்துவிடலாமா என்று கேட்டார்கள். மற்றதையெல்லாம் எறியச் சொல்லிவிட்டு இதை மட்டும் கையில் வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கையெழுத்து அக்காவுடையது. களமசேரியில் நான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தபோது, அதே ஆய்வகத்தில் ஒப்பந்த உதவியாளராக இருந்தார். மற்றவர்களுக்கு அவர் சேச்சி, எனக்கு மட்டும் அக்கா. இருவருமே மட்டாஞ்சேரி, இருவர் வீட்டிலும் தமிழ். அவருடைய அப்பா நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். என் அப்பாவுக்கு மிளகு, ஏலக்காய் வியாபாரம். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். அக்காவின் பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம், முழுக்கக் கிண்டல். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே சிரித்த நாட்கள் அவை.

உப்பேறிய வயல்வரப்புகளில் தானாகப் படரும் காட்டுப் பயற்றின் வேர்களில் கடுகளவு முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்குள் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டமாக்கித் தருகிறது. அது எந்த இனம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மரபணுவின் எழுத்து வரிசையைப் படித்து, எது எதற்கு உறவு என்று மரம் வரைந்துதான் சொல்ல வேண்டும். முடிச்சை நசுக்கி, பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்து, குழாயில் சேமிப்பது அக்காவின் வேலை. மரம் வரைவது என் வேலை. என் குழாய்களில் நான் எண்ணை மூடியில் மட்டும் எழுதுவேன். "மூடி மாறிப்போகும்டீ, குப்பி மாறாது. ரெண்டுலயும் எழுது" என்பார். நான் சோம்பேறி, ஒருநாளும் எழுதியதில்லை.

ஒவ்வொரு பாக்டீரியாவிலும் இரண்டு மரபணுக்களைப் படித்தோம். ரைபோசோம் மரபணு அது பிறந்த குடும்பத்தைக் காட்டும். இன்னொன்று வேரில் முடிச்சு உண்டாக்கும் மரபணு. பதினேழில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒன்று ஒரு குடும்பம் என்றது, மற்றது வேறு குடும்பம் என்றது. வாராந்திரக் கூட்டத்தில் எங்கள் வழிகாட்டி சார் என் மரத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்ஙனே?" என்றார், இது எப்படி என்று. முடிச்சு மரபணு ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குத் தாவக்கூடியது. அதை நான் படித்திருந்தேன். ஆனால் சார் நம்பாவிட்டால் தப்பு என் மரத்தின் மேல் விழும்.

"குழாய் மாறியிருக்கும் சார்" என்றேன்.

அக்கா இன்குபேட்டர் பக்கத்தில் நின்றிருந்தார். "எனக்கு மாறாது சார்" என்றார். சார் வியாபாரி வீட்டுப் பெண்ணை நம்பினார். மறுநாளிலிருந்து அக்கா அடுத்த பஸ்ஸில் வந்தார். அந்த மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

அவர் போன மறுமாதம், அந்தக் குழாயிலிருந்தே பாக்டீரியாவை மறுபடி வளர்த்தேன். தட்டில் தனித்து நின்ற ஒரே ஒரு புள்ளியை, அதாவது ஒரே பாக்டீரியாவின் வாரிசுகளை, எடுத்து, அதிலிருந்தே இரண்டு மரபணுக்களையும் படித்தேன். அதே விடைதான் வந்தது. எதுவும் மாறியிருக்கவில்லை, மரபணு தாவியிருந்தது, அவ்வளவுதான். நான் சாரிடம் ஓடியிருக்க வேண்டும், அக்கா வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நான் போகவில்லை. பதினேழு என் ஆய்வேட்டில் ஒரு தனி அத்தியாயமானது. தேர்வாளர்கள் பாராட்டியது அதைத்தான். நன்றியுரையில்கூட அக்காவின் பெயரைப் போடவில்லை. போட்டால் யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று பயம். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யத் தோப்பும்படியில் ஒரு சின்ன லேபுக்குக் கூட்டிப்போனேன். ஊசியுடன் வந்தது அக்கா. தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்து, "வலிய டாக்டராயிட்டியாமே" என்று சிரித்துவிட்டு, அம்மாவின் கையில் நரம்பைத் தேட ஆரம்பித்தார். இன்றைக்கு விட்டால் இனிமேல் முடியாது என்று தோன்றியது.

"அக்கா, அன்னைக்குக் குழாய் மாறல."

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அம்மாவின் கையை மடக்கினார். "அது எனக்கு அன்னைக்கே அறியும்டீ. உனக்கு எப்பத் தெரிஞ்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். "நீங்க போன மறுமாசம்" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை எடுத்து அம்மாவின் பெயரைக் குழாயின் உடம்பில் எழுதினார். பிறகு மூடியிலும் எழுதினார். "ரிசல்ட் நாளைக்கு வரும்" என்று அம்மாவிடம் சொன்னார். "மாறாது."

மாணவர்கள் போனபின் பதினேழைப் பழைய இடத்திலேயே வைத்தேன். களமசேரியிலிருந்து குழாய்களோடு கொண்டுவந்த பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு குழாய்க்கும் நேரே, பிரித்தெடுத்தவர் யார் என்று ஒரு கட்டம் உண்டு. பதினேழுக்கு நேரே இத்தனை வருடங்களும் என் பெயர்தான் இருந்தது. அதை அடித்துவிட்டு அக்காவின் பெயரை எழுதினேன். அந்தப் பதிவேட்டை என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை.