நான்காவது ஆல்பத்தின் வயது

நார்வேயின் பிளாக் மெட்டல் இசைக்குழு ஒன்றின் ஒலி எப்படி மாறியது என்று கட்டுரை எழுதியிருந்தேன். முதல் இரண்டு ஆல்பங்களும் கரடுமுரடு, மூன்றாவது தெளிவு, நான்காவதில் வேண்டுமென்றே பழைய கரடுமுரடுக்கே திரும்பினார்கள். கட்டுரையின் உயிரே அந்தத் திரும்பல்தான். மறுநாள் அனுப்ப வேண்டும்.

அந்த ஞாயிறு, சிங்கப்பூர் தேக்காவில் ஒரு பழைய சிடி கடையில் அதே குழுவின் தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். கப்பல் பட்டறைத் தொழிலாளி. தேய்த்த சட்டை, தாடையில் ஹெல்மெட் வார் பதிந்த வெளுத்த கோடு. ஹெட்போனை இடது காதில் மட்டும் வைத்துத்தான் எதையும் கேட்டார். நான் நீட்டிய நான்காவது ஆல்பத்தை ஒரு நிமிடம் கேட்டார்.

“இது மூணாவதுக்கு முன்னாடி ரெக்கார்டு பண்ணது சார்.”

“உறையில வருஷம் போட்டிருக்கே?”

“அது கடைக்கு வந்த வருஷம். டிரம்ஸ் ரெண்டாவதுல இருக்கிற அதே ரூம்ல கேக்குது. யார்டுல இரும்பு தேய்க்கிற கிரைண்டர் சத்தத்த வச்சே அதோட தட்டு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு சொல்றவன் நான், இதச் சொல்ல மாட்டேனா?”

“பேசாம ஒத்துக்குங்க லா,” என்று கடைக்காரர் சிரித்தார்.

உள்தாளின் பொடி எழுத்தில் பதிவான தேதியைப் படித்தேன். அவர் சொன்னதுதான் சரி. குழு பழைய ஒலிக்குத் திரும்பவே இல்லை. பழைய பதிவைத் தாமதமாக வெளியிட்டிருந்தது.

“வலது காதுல கேக்க மாட்டீங்களா?”

“அத யார்டு எடுத்துக்கிச்சு சார்.”

கட்டுரையைத் திருத்தி எழுதினேன். இப்போது அதில் பிழையில்லை. வலது காதைப் பொத்திக்கொண்டு அந்த டிரம்ஸைப் பலமுறை கேட்டுவிட்டேன். அந்த அறை எனக்கு இன்னும் கேட்கவில்லை.